பின்பலகையைக் கழற்றுவதற்கு முன்

அருளு, ஸ்க்ரூடிரைவரைக் கீழே வை. முதலில் இதைப் படி. உன் கித்தார் ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் பின்பலகையில் திருகுகளை மறைத்து செலோடேப் போட்டு ஒட்டியிருப்பது நான்தான். உன் அப்பாவின் வேலை என்று நினைத்து அவரிடம் போய்ச் சத்தம் போடாதே. உள்ளே வைத்திருப்பேன், வால்வுகளின் சூட்டில் காகிதம் பற்றிக்கொண்டால் என்ன செய்வது என்று பயந்து வெளியே ஒட்டினேன். வாட்ஸப்பில் அனுப்பினால் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவாய். நேரில் சொன்னால், பாதி சொல்வதற்குள் "ஒண்ணும் ஆவாதும்மா, நீ வேற" என்று காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாய். அதனால் எழுதுகிறேன். எனக்கு எழுதிப் பழக்கம் டியூட்டி ரிப்போர்ட் மட்டும்தான். நோயாளிக்கு என்ன ஆச்சு, என்ன கொடுத்தோம், இப்போது எப்படி இருக்கிறார் என்று அடுத்த ஷிப்டுக்கு வருகிறவளுக்கு விளங்குகிற மாதிரி எழுதினால் போதும். இதுவும் அந்த மாதிரிதான் வரும், பொறுத்துக்கொள்.

அடுத்த வாரம் உனக்குக் கல்யாணம். அது முடிந்ததும் நீயும் ஸ்டெல்லாவும் வேப்பம்பட்டு வீட்டுக்குக் குடிபோகிறீர்கள். கட்டில், பீரோ, மிக்சி எல்லாவற்றோடும் இந்தப் பெட்டியும் டெம்போவில் ஏறும் என்று எனக்குத் தெரியும். கட்டிலை மறந்தாலும் இதை மறக்க மாட்டாய். இத்தனை நாள் இது நம் பருத்திப்பட்டு வீட்டில், என் கண்ணுக்கு முன்னால், பின்னறையில் இருந்தது. நீ அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காரும்போதெல்லாம் நான் கதவோரம் வெங்காயம் உரிக்கிறேன், துணி மடிக்கிறேன் என்று ஏதாவது ஒரு சாக்கில் உட்கார்ந்திருப்பேன். "இன்னாம்மா, ஊட்ல வேற எடமே இல்லியா?" என்று கேட்பாய். இடம் இருந்தது. நீ கீழே விழுகிற சத்தம் அடுப்படிக்குக் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்றுதான் அங்கே உட்கார்ந்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது, அருளு. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கிறது, பத்திரிகை வைக்காத வீடு இன்னும் இருக்கிறது, நான் என்னவோ இந்தக் கித்தார் பெட்டியை நினைத்து நினைத்துச் சாப்பாடு இறங்காமல் கிடக்கிறேன்.

அது வீட்டுக்கு வந்த நாளில் எனக்கு அதைப் பிடித்துத்தான் இருந்தது. பூந்தமல்லியில் ஒரு காலத்தில் மேடைக் கச்சேரி நடத்திக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரின் வீட்டில் கிடந்தது. அவர் காலமானபின் அந்த அம்மா, "இடத்த அடச்சுக்கினு கீது தம்பி, வாசிக்கிறவன் நீ எடுத்துக்கினு போ" என்று கொடுத்ததாகச் சொன்னாய். நீயும் உன் சிநேகிதன் டேனியும் ஆட்டோவிலிருந்து இறக்கும்போது நிறைந்த கேஸ் சிலிண்டரைத் தூக்குகிற மாதிரித் தூக்கினீர்கள். உள்ளே வரிசையாகக் கண்ணாடி வால்வுகள், தகர அடிப்பாகம், எலிப் புழுக்கை, துருப்பிடித்த டிரான்ஸ்ஃபார்மர். நீ தூசியைத் துடைத்தாய், வால்வு உட்காரும் குழிகளைச் சுத்தம் செய்தாய், கரகரத்த குமிழ்களுக்கு ஸ்ப்ரே அடித்தாய், வாய் வெடித்து ஒழுகிக்கொண்டிருந்த பழைய கபாசிட்டர்களை எடுத்துவிட்டுப் புதிது வைத்தாய். இரண்டு பின் வைத்த பழைய ஒயரைத் தூக்கிப் போட்டுவிட்டு, எர்த் உள்ள மூன்று பின் ஒயர் போட்டாய். முதல் முறை அது சூடேறி, வால்வுகளுக்குள் ஆரஞ்சு நிறத்தில் வெளிச்சம் வந்து, நீ ஒரு தந்தியைத் தட்டினாயே, அந்தச் சத்தம் இன்னும் எனக்குள் இருக்கிறது. தடிப்பாக, வெதுவெதுப்பாக, யாரோ பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அதனால்தான் இதைத் தூக்கிப் போடு என்று இந்தக் கடிதத்தில் எங்கேயும் சொல்லப் போவதில்லை. சொல்லிவிட வேண்டும் என்று வாய் துறுதுறுக்கிறது, அது வேறு விஷயம்.

என் தூக்கத்தைக் கெடுத்தது நீதான். ஒருநாள் பெட்டி திறந்திருக்கும்போது நான் கிட்டே வந்தேன். "தொடாதம்மா! பிளக்க புடுங்கினாலும் உள்ள கரண்டு நிக்கும்" என்றாய். எப்படி நிற்கும் என்று கேட்டேன். கபாசிட்டரைக் காட்டி, இது மின்சாரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், தொட்டால் மொத்தத்தையும் ஒரே நேரத்தில் விட்டுவிடும் என்று விளக்கினாய். என்னை எச்சரிக்கத்தான் சொன்னாய், நல்லதுக்குத்தான் சொன்னாய். நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். ஏனென்றால் அதை எனக்குத் தெரியும். அவசரப் பிரிவில் நான் வேலை செய்த காலமெல்லாம் அது என் பக்கத்தில் சக்கரம் வைத்த வண்டியில் நின்றது. நின்றுபோன நெஞ்சுக்கு ஷாக் கொடுக்கிற மெஷினுக்குள் இருப்பதும் அதே கபாசிட்டர்தான். சார்ஜ் ஏறும்போது ஒரு சத்தம் கூடிக்கொண்டே போகும். "எல்லாரும் கட்டிலை விட்டுக் கையை எடுங்க" என்று கத்திவிட்டுத்தான் பட்டனை அழுத்துவோம். எடுக்காமல் ஒருத்தர் தொட்டுக்கொண்டிருந்தால் அவருக்கும் ஆபத்து. நீ அதைப் போல ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு, வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு, உள்ளே விரலை விடுகிறாய். உன் வீட்டில் கையை எடு என்று கத்த யார் இருக்கிறார்கள்?

எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு பையனைப் பற்றி உன்னிடம் சொன்னதே இல்லை. சொன்னால் வேலை விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுவந்த மாதிரி ஆகிவிடும் என்று விட்டுவிட்டேன். மழை நாளில் எங்கேயோ பந்தலுக்கு சீரியல் லைட் கட்டும்போது ஷாக் அடித்திருக்கிறது. தானே நடந்து வந்தான். விரல் நுனியில் மிளகு அளவுக்கு ஒரு கருகல், அவ்வளவுதான். கூட வந்த சிநேகிதன் கேலி பண்ணிக்கொண்டிருந்தான், இவனும் சிரித்தான். எதற்கும் ஈ.சி.ஜி. எடுத்துவிடுவோம் என்று டாக்டர் சொன்னார். நான்தான் ஒயர்களை ஒட்டினேன். "சில்லுன்னு கீது சிஸ்டர்" என்று கூச்சத்தில் நெளிந்தான். காகிதம் வந்துகொண்டிருக்கும்போதே கோடு தாறுமாறாகப் போனது. கண் மேலே போய்விட்டது. நாங்கள் எல்லோரும் அங்கேயேதான் இருந்தோம், மெஷின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது, டாக்டர் இருந்தார், மருந்து இருந்தது. எல்லாம் இருந்தும் அவனைத் திரும்பக் கொண்டுவர முடியவில்லை. வெளியே அந்தச் சிநேகிதன் இவனுடைய செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஏணியில் ஏறுவதற்காகக் கழற்றிக் கொடுத்த செருப்பு. எனக்கு அந்தப் பையனின் பெயர் மறந்துவிட்டது, சிரித்த முகம் மறக்கவில்லை. கரண்ட் விஷயத்தில் நீ சிரிக்கும்போதெல்லாம் எனக்கு அவன் முகம்தான் வருகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டு கோயிலில் நடந்ததை நினைத்துப் பார். மாதா திருவிழா நவநாள், சாயங்காலம். மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. பீடத்தையும் பாடற்குழு நிற்கிற இடத்தையும் அப்போதுதான் கழுவிவிட்டிருந்தார்கள். பூசைக்கு முன் நீ பெட்டியை, கோயில் மைக்குகளெல்லாம் வந்து சேர்கிற மிக்சரோடு இணைத்ததும் ஹம் வந்தது. கோயில் முழுக்க 'ம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். டேனி ஓடி வந்தான். "மச்சான், இன்னாடா இது, வண்டு பூந்த மாதிரி? எர்த்த கட் பண்ணிவுடு, ஹம்மு பூடும்" என்றான். பிளக்கைத் திறந்து பச்சை ஒயரைக் கழற்றி அவனே இன்சுலேஷன் டேப் சுற்றினான். இரைச்சல் கொஞ்சம் குறைந்த மாதிரி இருந்தது. அப்புறம் மிக்சருக்குப் போகிற ஒயரையும் பிடுங்கிவிட்டுப் பெட்டி முன்னால் ஒரு மைக்கை வைத்தான். ஹம் சுத்தமாக நின்றது. "பாத்தியா? நம்ம கையி வச்சா ராசி" என்று காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். எல்லோரும் சிரித்தார்கள். டேனி கெட்டவன் இல்லை, உனக்காக உயிரைக் கொடுப்பான். ஊரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிற பாதிப் பேர் செய்வதைத்தான் அவனும் செய்தான்.

முதல் பாட்டு தொடங்கியது. நீ பாடுவதற்காகக் குனிந்தாய். உதடு மைக்கில் பட்டதும் வெடுக்கென்று தலையைப் பின்னால் இழுத்தாய். டேனி உன் காதருகே ஏதோ சொன்னான், நீ சிரித்துவிட்டுக் கைக்குட்டையை எடுத்து மைக் தலையில் சுற்றினாய். மைக் உனக்கு முத்தம் கொடுத்ததாக அவன் சொன்னான் என்று பிறகு தெரிந்துகொண்டேன். பெண்கள் பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்த எனக்கு அது ஷாக் என்று தெரிந்தது, உன் காலைப் பார்த்தேன். கோயிலுக்குள் செருப்புப் போடாத ஜனம் நாம். வெளிநாட்டு வீடியோவில் ரப்பர் சோல் வைத்த ஷூ போட்டுக்கொண்டு இந்த மாதிரிப் பெட்டிகளில் வாசிக்கிறார்கள். நீ வெறுங்காலோடு ஈர மொசைக்கில் நிற்கிறாய், கையில் இரும்புத் தந்தி, உதட்டுக்கு முன்னால் இரும்பு வலை. நான் எழுந்துவிட்டேன். முக்காடு நழுவியது, ஜெபமாலை கீழே விழுந்தது, எதையும் பார்க்கவில்லை. பீடத்துப் படியேறி, சுவரோரம் இருந்த பிளக்கைப் பிடித்து இழுத்தேன்.

பிடுங்கினது தப்பான பிளக். மொத்தக் கோயிலுக்கும் மைக் செத்துப் போனது. சாமியார் வாயை அசைக்கிறார், சத்தமில்லை. பாடற்குழுப் பிள்ளைகள் திருதிருவென்று முழிக்கிறார்கள். உன் கித்தார் பெட்டி மட்டும் ஜம்மென்று முழங்கிக்கொண்டிருந்தது. முன் வரிசையில் ஸ்டெல்லாவின் அம்மா, அப்பா, சித்தி, சித்தப்பா, அம்பத்தூர் சம்பந்தி வீட்டு ஜனம் அத்தனை பேரும். மாப்பிள்ளையின் அம்மா கையில் பிளக்கைப் பிடித்துக்கொண்டு பீடத்தின் மேல் நிற்கிறாள். "அருளு, கீழ வைடா அத! கீழ வை!" என்று நான் கத்தியது கடைசி பெஞ்சு வரை கேட்டிருக்கும், எனக்கு மைக் தேவைப்படவில்லை. உன் முகம் செத்துப் போனதைப் பார்த்தேன். உன் மானத்தை வாங்கிவிட்டேன், தெரியும். அதற்கு வருத்தப்படுகிறேனா என்று கேட்டால், தப்பான பிளக்கைப் பிடுங்கினதற்கு மட்டும்தான் வருத்தம்.

அதற்கப்புறம் நீ என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டாய், தட்டைக் கழுவி வைத்தாய், வேலைக்குப் போனாய். உன் அப்பா சமாதானம் பண்ணப் பார்த்தார். தொழிற்சாலை வேலைக்காகத் தூத்துக்குடியிலிருந்து வந்து இத்தனை வருஷம் குவார்ட்டர்ஸில் குடியிருந்தும் அவர் பேச்சு இன்னும் அந்த ஊரிலேயே இருக்கிறது. "சும்மா கெட. பய பெரிய ஆளாயிட்டாம்லா. அவனுக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிட்டு?" என்றார். அவர் சொன்னது எனக்கு உறுத்தியது. எனக்குத் தெரியாதுதான். தெரியாமல் பயப்படுவதை விடத் தெரிந்துகொண்டே பயப்படலாம் என்று நீ வேலைக்குப் போன பிறகு போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். பயம் குறையவில்லை, அதற்குப் பெயர்கள்தான் கிடைத்தன. எல்லாக் கபாசிட்டரையும் மாற்றிய நீ, "இந்தச் சின்னது ஒண்ணு ஒரிஜினல், அப்டியே இருக்கட்டும்" என்று ஒன்றை விட்டுவைத்தாயே, மெயின் ஒயருக்கும் தகரத்துக்கும் நடுவில், நினைவிருக்கிறதா? அது பழசாகிக் கசிந்தால் வீட்டுக் கரண்ட் நேராகத் தகரத்துக்கு வரும், தகரத்திலிருந்து உன் தந்திக்கு வரும். எர்த் இருந்தால் தரைக்குப் போய்விடும். எர்த்தை வெட்டிவிட்டால் உன்னைத் தவிர அதற்குப் போக வேறு வழி இல்லை. அந்தக் கபாசிட்டருக்கு வெளிநாட்டு மெக்கானிக்குகள் வைத்திருக்கிற பெயரே சாவு என்பதுதான். நீ அதை ஒரிஜினல் என்று ஆசையாக வைத்திருக்கிறாய்.

இன்னொன்றும் எனக்கு உறைத்தது. வார்டில் ஒரே நேரத்தில் இரண்டு மருந்து கொடுத்துக் காய்ச்சல் இறங்கினால், எந்த மருந்துக்கு இறங்கியது என்று யாராலும் சொல்ல முடியாது. டேனி செய்தது அதுதான். எர்த்தை வெட்டினான், மிக்சர் ஒயரையும் பிடுங்கினான், ஹம் நின்றது. பெயர் எர்த்துக்குப் போய்விட்டது. நீயும் நன்றாக இருப்பதை ஏன் தொட வேண்டும் என்று அப்படியே விட்டிருப்பாய் என்று பிளக்கைத் திறந்து பார்த்தேன். பச்சை ஒயர் டேப் சுற்றியபடி சுருண்டு கிடந்தது. அவ்வளவு நேர்த்தியாகச் சுற்றியிருந்த டேப்பை நகத்தால் சுரண்டிப் பிரித்தேன். தரையில் உட்கார்ந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்த ஒயரைத் திரும்பத் திருகிக்கொண்டிருந்தபோதுதான் ஸ்டெல்லா வந்தாள்.

ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தாளாம். கோயில் விஷயத்துக்காக அவள் வீட்டில் ஏதாவது சொல்லி அனுப்பியிருப்பார்கள் என்று நான் நினைத்தேன். வாசலில் நின்று என் மடியில் கிடந்த பிளக்கைப் பார்த்தாள். "ஆன்ட்டி, அன்னிக்கு ஏன் அப்படிச் செஞ்சீங்க? அருளைக் கேட்டா எங்கம்மாவுக்கு பயம், விடுன்னு சொல்றான். எனக்கு அது பதிலா தெரியல" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன். சீரியல் லைட் பையனையும் சொன்னேன். கேட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து டார்ச் பிடித்தாள். முடிந்ததும் மிக்சர் இல்லாமல், பெட்டியை மட்டும் சுவரில் செருகிப் போட்டுப் பார்த்தோம். பச்சை ஒயர் இருக்கிறது, ஹம் இல்லை. உன் கித்தாரை மாட்டி அவள் ஒரு தட்டுத் தட்டினாள், சுத்தமாகக் கேட்டது. ஹம் வந்தது மிக்சர் ஒயரால், எர்த்தால் இல்லை. மிக்சருக்கு நேராக இணைத்தாக வேண்டுமென்றால் நடுவில் வைக்க ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி விற்கிறார்கள், அதை வை. எர்த்தில் கை வைக்காதே. வீட்டில் எர்த் இருந்தும் ஹம் வராததை நீ இத்தனை நாளாகக் கவனிக்கவில்லை, ஏனென்றால் ஹம் இல்லாத இடத்தில் யாரும் ஹம்மைத் தேட மாட்டார்கள்.

பிளக் சரி, சுவர் சரியா என்று கேட்டவளும் அவள்தான். அப்பாவைக் கிளப்பிக்கொண்டு மூவருமாக ரயிலேறி வேப்பம்பட்டு வீட்டுக்குப் போனோம். நீ சாவியைக் காணோம் என்று தேடிய நாள் அதுதான். ஹோல்டரில் மாட்டிய குண்டு பல்பை அப்பா கொண்டுவந்திருந்தார். ஒரு ஒயரைக் கரண்ட் வருகிற ஃபேஸ் ஓட்டையில், இன்னொன்றை எர்த் ஓட்டையில் வைத்தால் பல்பு எரிய வேண்டும். எரியவில்லை. ஹாலில் எரியவில்லை, படுக்கையறையில் எரியவில்லை, அடுப்படியில் கூட எரியவில்லை. மூன்று ஓட்டை வைத்த பாயிண்ட் எல்லாவற்றிலும் மூன்றாவது ஓட்டை வெறும் ஓட்டை. நீ எவ்வளவு நல்ல ஒயர் போட்டாலும் அது அங்கே போய் ஒன்றுமில்லாததில் முடிந்திருக்கும். வீட்டுக்காரர் நல்ல மனுஷன், "இத்தினி வருசமா யாரும் கேக்கலயேம்மா" என்றார். அப்பா எலக்ட்ரீஷியனைக் கூட்டிப் போய் வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டி, கம்பி இறக்கி, எர்த் இழுத்துவிட்டார். இப்போது பல்பு எரிகிறது. கரண்ட் கசிந்தால் தானாக அணைந்துவிடுகிற ட்ரிப்பரும் மாட்டியாயிற்று. எல்லோரும் உனக்குச் சுவர்க்கடிகாரமும் டின்னர் செட்டும் கொடுப்பார்கள். எங்கள் கல்யாணப் பரிசு அதுதான், போர்டில் இருக்கிறது.

இதோடு என் பயம் தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. எலக்ட்ரீஷியனிடம் கேட்டேன், பெட்டிக்குள் கை வைத்து ஷாக் அடித்தால் இந்த ட்ரிப்பர் காப்பாற்றுமா என்று. அவர் தலையை ஆட்டினார். "அது டிரான்ஸ்ஃபார்மருக்கு அந்தப் பக்கம்மா. இதுக்குத் தெரியாது" என்றார். ஆக, உள்ளே இருப்பதற்கு எர்த்தும் காவல் இல்லை, ட்ரிப்பரும் காவல் இல்லை. உன் கைதான் காவல். அந்தச் சாவுக் கபாசிட்டரை எடுத்துவிடு, ஒரிஜினல் என்று கொஞ்சாதே. கரண்ட் தானாக வடிவதற்கு ரெசிஸ்டர் போட்டிருக்கிறேன் என்றாய்; ரெசிஸ்டர் கருகிப் போனால் யார் உன்னிடம் வந்து சொல்வார்கள்? ஒவ்வொரு முறையும் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுக் கையை விடு. ஒரு கையை பாக்கெட்டில் போட்டுக்கொள், இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். ரப்பர் செருப்புப் போட்டுக்கொள், வீட்டுக்குள் செருப்பா என்று உன் மாமியார் கேட்டால் என் பெயரைச் சொல். தனியாக இருக்கும்போது திறக்கவே திறக்காதே. கடைசியாகச் சொன்னதுதான் எல்லாவற்றையும் விட முக்கியம். இங்கே கதவோரம் நான் உட்கார்ந்திருந்தேன். அங்கே ஏதாவது ஆனால், ஆவடியில் ரயிலைப் பிடித்து நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். வந்து சேர்ந்தாலும் என் மணிக்கட்டு இப்போது சப்பாத்தி மாவு பிசைவதற்கே வலிக்கிறது. ஒரு ஆம்பளை நெஞ்சை அழுத்த எனக்கு இனித் தெம்பில்லை.

ஸ்டெல்லாவிடம் இதை நான் கேட்டிருக்க மாட்டேன். கல்யாணமாகப் போகிற பெண்ணிடம் எந்த வாயால் கேட்பது? வேப்பம்பட்டிலிருந்து திரும்பும்போது ரயிலில் அவளேதான் ஆரம்பித்தாள். "அத்தை, இவ்வளவு செஞ்சும் அவனுக்கு அடிச்சிடுச்சின்னா நான் என்ன பண்ணணும்?" என்று கேட்டாள். அதுவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மறுநாள் நீ வேலைக்குப் போனபின் வந்தாள். சோபாத் திண்டைத் தரையில் போட்டு நெஞ்சை எப்படி அழுத்துவது என்று காட்டினேன். முழங்கையை மடக்கினாள், திட்டினேன். பயந்து பயந்து அழுத்தினாள், எலும்பு உடைந்தாலும் பரவாயில்லை, அழுத்து என்றேன். அழுதுகொண்டே அழுத்தினாள். சீக்கிரமே நன்றாக வந்துவிட்டது, எங்கள் டிரெய்னிங் பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு சீக்கிரம் வந்ததில்லை.

ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டியதுதான் அவளுக்கு வரவில்லை. ஷாக் அடித்தவனைத் தொடக்கூடாது. முதலில் மெயினை அணைக்க வேண்டும், அப்புறம்தான் தொட வேண்டும். உன் அப்பா, "நாந்தாம்ல அருளு" என்று சொல்லிக்கொண்டு பின்னறை வாசலை அடைத்துத் தரையில் படுத்தார். ஸ்டெல்லா அடுப்படியிலிருந்து ஓடி வர வேண்டும், மெயின் போர்டு அவருக்கு அந்தப் பக்கம், அறைக்குள். ஓடி வந்தாள், நேராக அவர் தோளைத்தான் பிடித்தாள். "செத்த! அவனும் செத்தான், நீயும் செத்த!" என்று கத்தினேன். மறுபடி ஓடி வந்தாள், மறுபடி அவரிடம்தான் உட்கார்ந்தாள். எத்தனை முறை சொன்னாலும் அவள் கால் அவரிடம் வந்ததும் நின்றுவிட்டது. ஒரு முறை குனியாமல் நின்றாள், ஆனால் தாண்டாமல் நின்றாள். படுத்திருக்கிறவரை, அதுவும் மாமனாரை, எப்படித் தாண்டுவது என்று என்னைப் பார்த்தாள். அவளை அப்படித்தானே வளர்த்திருக்கிறார்கள். "தாண்டு" என்றேன். "மாமா, மன்னிச்சிக்கோங்க" என்றாள். "மன்னிப்புக் கேக்கிற நேரத்துல அவன் போயிருவான், தாண்டு!" என்றேன். என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அவள் திரும்பி அடுப்படிக்குப் போனாள். நான் உன் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவள் ஓடி வந்தாள், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, உன் அப்பாவைக் குனிந்துகூடப் பார்க்காமல் ஒரே தாண்டாகத் தாண்டிப் போய் மெயினை அணைத்தாள். விசிறி நின்றது, ஃபிரிட்ஜ் நின்றது. அப்புறம்தான் திரும்பி வந்து மண்டியிட்டு அவர் நெஞ்சில் கையை வைத்தாள். அங்கே கதவோரம் இனி அவள் உட்கார்ந்திருப்பாள்.

பெட்டியை எடுத்துக்கொண்டு போ, அருளு.